எட்டு மாதமாகியும் ஒட்டவில்லையா?

ஒரே வாசகர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வெளிநாட்டிலிருந்து வந்த ஆறு குடும்பங்கள் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கின்றன. ஞாயிறு காலை ஏழு மணிக் கூட்டத்துக்கு ஒருவர்கூட வருவதில்லை. தாமரை இலைத் தண்ணீராக இருக்கிறார்கள். ஒட்டிப் பழக வேண்டியது வந்தவர்களின் பொறுப்புத்தானே, அம்மா?

பதில்: கூட்ட அறிவிப்பின் நகலையும் இணைத்திருந்தீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. "மேற்படி பொருள் தொடர்பாக உறுப்பினர்கள் தவறாது பிரசன்னமாக வேண்டியது." அது தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது பற்றியது என்பது எனக்கே இரண்டாம் முறை படித்தபோதுதான் விளங்கியது. மேலும், உங்கள் சங்கத்தில் வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே உறுப்பினர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அழைக்காத விருந்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டால் எப்படி?

புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சில ஆண்டுகள் மொழி சொல்லிக்கொடுத்தேன். வகுப்புக்கு வெளியே யாரிடம் என்ன பேசினீர்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வரச் சொல்வேன். இலக்கணத்தில் பிழையே விடாத ஒருவரின் பக்கத்தில் மூன்று வாரமும் ஒரே வரி: "பஸ் ஓட்டுநர். நன்றி." அவர் படிக்காமல் இல்லை. பேச ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஒருங்கிணைப்பு என்பது வந்தவர்களும் ஏற்கெனவே இருப்பவர்களும் ஒருவருக்கொருவர் இடம்கொடுத்து நடத்த வேண்டியது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இலேயே கொள்கையாக எழுதிவைத்தது. எழுதியது இரு தரப்புக்கும்தான். தேர்வு எழுத உட்காருவது என்னவோ ஒரு தரப்புதான்!

கனடாவில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்க வழிசெய்தார்கள். முதல் ஓராண்டு வாடகை, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் அழைத்துப்போவது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. 1979, 1980ஆம் ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய இந்தோசீன நாடுகளிலிருந்து அங்கே போன சுமார் 60,000 அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களை இப்படித் தனியார் குழுக்கள்தாம் வரவேற்றன. (இதைக் காட்டி அரசாங்கம் கைகழுவிவிடக் கூடாது என்பது வேறு கதை.) உங்களை வாடகை கட்டச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று ஆறு பேரைப் பிடியுங்கள், போதும்.

கேள்வி: அவர்களுடைய நடனம், உடை எல்லாம் வைத்து ஒரு கலைவிழா நடத்தலாமா?

பதில்: நடத்துங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அவர்கள் மேடையில், நீங்கள் நாற்காலியில். முடிந்ததும் கைதட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். வெறும் சந்திப்பு போதாது. சமமான நிலையில், பொதுவான ஒரு காரியத்தை, சேர்ந்து செய்தால்தான், பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவும் இருந்தால்தான் வெறுப்புக் குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். உங்களிடம்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே! சுத்தம் செய்யும் முறைப்பட்டியலில் ஆறு வீடுகளையும் சேருங்கள். தண்ணீர்ச் செலவை எப்படிப் பிரிப்பது என்பதில் அவர்களுக்கும் வாக்கு கொடுங்கள். வேலை மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

கேள்வி: ஒரு வீட்டில் பதினொரு வயதுச் சிறுமி நம் மொழியை அழகாகப் பேசுகிறாள். அப்பா இரவு வேலைக்குப் போகிறவர். வாடகை பாக்கி உட்பட எல்லாவற்றையும் அவள் மூலமே சொல்லிவிடுகிறோம். சரிதானே?

பதில்: இல்லை. இன்றோடு நிறுத்துங்கள். அப்பாவிடம் பாக்கி கேட்கும் வேலையை மகளுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடுங்கள். கிடைக்கும்வரை சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, நீங்களே போய்க் கதவைத் தட்டிக் கொடுங்கள். காலை ஏழு மணிக்கு வேண்டாம். அந்த மனிதர் அப்போதுதான் படுத்திருப்பார்.