மொபைலில் விலங்குகள் பதுங்கிப் பதுங்கிப் போகும் கேம்களில் எது நல்லது?

சுடுவதும் வெட்டுவதும் வேண்டாம், விலங்குகள் வர வேண்டும், பூனைக்குத் தெரியாமல் எலி போகிற மாதிரி ஒளிந்து விளையாடும் கேமாக இருக்க வேண்டும், ஏழு வயதுப் பையனோடு நானும் உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஐபோனோ ஐபேடோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்னீக்கி சாஸ்குவாட்ச் போடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் பதில் கொஞ்சம் நீளும், அதையும் சொல்கிறேன்.

இந்த வகை கேம்களின் அருமையை எனக்குக் காட்டியது என் அம்மா. 2012-ல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஐபாட் டச் ஒன்று வாங்கி வந்து, அதில் ஸ்பை மவுஸ் என்ற கேமை ஏற்றியிருந்தேன். முந்தைய வருடம்தான் அது வெளியாகியிருந்தது. மெல்போர்னில் ஃபயர்மின்ட் என்ற நிறுவனம் செய்தது. 2009-ல் விரலால் கோடு போட்டு விமானங்களைத் தரையிறக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், அதே கோட்டை இங்கே ஒரு எலிக்குக் கொடுத்திருந்தார்கள். எலியின் பெயர் ஏஜென்ட் ஸ்குவீக். நீங்கள் கோடு போட்டால் அது அந்தக் கோட்டிலேயே ஓடும், சீஸை எடுத்துக்கொண்டு வளைக்குத் திரும்ப வேண்டும், நடுவில் பூனை பார்த்துவிட்டால் துரத்திக்கொண்டு வரும், பக்கத்தில் வளை இருந்தால் புகுந்து தப்பிக்கலாம். அவ்வளவுதான் மொத்த விளையாட்டும்.

அம்மா அதுவரை எந்த கேமையும் தொட்டதில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அவசரப்படாதடா, பூனை அந்தப் பக்கம் திரும்பட்டும்" என்றார். பூனை ஆபத்து, எலி நாம், அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அப்போது நாங்கள் இருந்தது திருவல்லிக்கேணியில், சந்துக்கு நாலு பூனை, அவருக்கு அதை யார் சொல்லித் தரணும்! அதற்கப்புறம் தினமும் மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் ஐபாட் அவர் கைக்குப் போய்விடும்.

விலங்குகளை வைப்பது அழகுக்காக மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. நம் ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை அடைக்கும் என்பதைப் பெயரைக் கேட்டவுடனே பாதி புரிந்துகொள்கிறோம். அதையே கறுப்புக் காய், வெள்ளைக் காய் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். குழந்தைக்கு கேம் தேடும்போது இது பெரிய விஷயம், ஏனென்றால் திரையில் வரும் ஆங்கில விளக்கத்தை அவனால் படிக்க முடியாது, படிக்கவும் மாட்டான்.

சரி, சாஸ்குவாட்ச் கதைக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் அக்காவும் அவள் பையனும் எங்களோடு மேற்கு மாம்பலம் ஃபிளாட்டில் மாட்டிக்கொண்டார்கள். அவனுக்கு அப்போது ஆறு வயது. வழக்கமான கேம்களில் ஆள் செத்து, திரை சிவப்பாகி, முதலிலிருந்து ஆரம்பிக்கும்போதெல்லாம் போனைத் தூக்கி எறிந்துவிட்டு அழுவான். அக்காவின் ஐபேடில் ஆப்பிள் ஆர்கேட் எடுத்தோம், அது மாதச் சந்தா கட்டி விளையாடும் ஆப்பிளின் கேம் சேவை, சாஸ்குவாட்ச் அதில்தான் இருக்கிறது. 2019-ல் அது இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாய், குடும்பத்தில் ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். விளம்பரம் கிடையாது, உள்ளே போனபின் காசு கேட்பதும் கிடையாது. டவுன்லோட் செய்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

சாஸ்குவாட்ச் என்பது வட அமெரிக்கக் காடுகளில் இருப்பதாகச் சொல்லப்படும் ரோமம் அடர்ந்த பெரிய உருவம். கேமில் அது ரொம்பச் சாது, பசிதான் அதன் ஒரே பிரச்சினை. காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்க வருபவர்களின் ஐஸ் பெட்டியையும் சாப்பாட்டுக் கூடையையும் அவர்கள் பார்க்காதபோது காலி செய்ய வேண்டும். ஓடினால் சத்தம் கேட்கும், கால்விரல் நுனியில் மெதுவாக நடந்து போனால் கேட்காது, புதருக்குள் ஒளியலாம். யாராவது பார்த்துவிட்டால் பயந்து கத்துவார்கள், ரேஞ்சர் வந்துவிடுவார். கரடியும் ரக்கூனும் நமக்குக் கூட்டாளிகள். போகப்போக சட்டை தொப்பி மாட்டிக்கொண்டு மனிதன் மாதிரி ஊருக்குள் நடக்கலாம், கார் ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், கோல்ஃப் ஆடலாம். இதையெல்லாம் செய்தது கனடாவில் வெறும் இரண்டு பேர் கொண்ட ஆர்.ஏ.சி.7 என்ற குழு என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். 2020-ல் ஆப்பிள் தன் ஆர்கேட் வரிசையில் அந்த ஆண்டின் சிறந்த கேமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

எங்கள் பையனுக்கு இதில் பிடித்தது, பிடிபட்டாலும் கதை முடிந்துவிடாது என்பதுதான். முதல் வாரம் நேராக ஐஸ் பெட்டியை நோக்கி ஓடினான், ஓடி ஓடி மாட்டினான். அப்புறம் ஒருநாள் புதருக்குள் சாஸ்குவாட்சை நிறுத்திவிட்டு, விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டால், "இரு மாமா, அந்த அங்கிள் எந்தப் பக்கம் போறாருன்னு பாக்குறேன்" என்றான். ஒரு நிமிஷம் சும்மா உட்கார வைக்க முடியாத பையன் அவன். ஊரடங்கு தளர்ந்து கீழே பார்க்கிங்கில் பிள்ளைகள் ஐஸ்பாய் விளையாட ஆரம்பித்தபோது, ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தேடுகிறவன் முதுகைத் திருப்பும்வரை அசையாமல் இருந்தான். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது ஆண்ட்ராய்டு. சாஸ்குவாட்ச் அதில் இல்லை. ஸ்பை மவுஸை இப்போது நான் தேடினால் கிடைப்பதில்லை. வாத்து ஊரையே கலாட்டா செய்யும் அன்டைட்டில்டு கூஸ் கேமை யாராவது சொல்வார்கள், அருமையான கேம், ஆனால் அது கம்ப்யூட்டருக்கும் கேம் கன்சோல்களுக்கும் வந்தது. இலவசமாகப் பூனை, நரி, எலி படம் போட்டு நிறைய கிடைக்கும், அவற்றில் ஒன்றை இறக்கி நொந்துபோனேன், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அரை நிமிஷ விளம்பரம், அதுவும் குழந்தை பார்க்கக் கூடாத விளம்பரம். அதனால் பையன் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் பத்து நிமிஷம் விளையாடிப் பாருங்கள். காவலுக்கு நிற்கும் விலங்கு எதுவரை பார்க்கும் என்பது வெளிச்சமாகவோ நிறமாகவோ தரையில் தெரிய வேண்டும், அது ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், அப்போதுதான் கவனித்தவனுக்குப் பலன் கிடைக்கும். சில கேம்களில் காவலாளி நினைத்த பக்கம் திரும்புவான், அதில் பொறுமையாக இருந்தாலும் மாட்டுவோம், குழந்தைக்கு வெறுத்துப்போகும். மாட்டினால் இரண்டு நொடியில் அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நெட்டை அணைத்துவிட்டு ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கும் கேம் கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள்.

எந்த கேமாக இருந்தாலும் முதல் இரண்டு நாள் போனை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், காவலாளியைக் கவனிக்கும் வேலையைப் பையனுக்குக் கொடுங்கள். அவன் "இப்போ போ" என்று சொன்னால் மட்டும் நீங்கள் நகருங்கள். தப்பாகச் சொன்னாலும் போங்கள், இரண்டு பேரும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளலாம்.