பிள்ளையைக் காட்டுக்கும் கடலுக்கும் அனுப்பும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கோடை வந்தால் ஏர்கூலர், இன்வெர்ட்டர், கார்பைடு மாம்பழம் என்றுதான் கடிதம் குவியும். இந்த முறை பாதிக்கு மேல், பதின்வயதுப் பிள்ளைகளை மலையேறவும் பாய்மரம் ஓட்டவும் கூட்டிப்போகும் முகாம்களைப் பற்றி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

பதினைந்து வயது மகனை இமயமலை டிரெக்கிங் கேம்ப்புக்கு அனுப்ப ஜனவரியிலேயே 18,000 ரூபாய் கட்டினேன். புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது 'பேட்ச் கேன்சல்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. பணத்தைக் கேட்டால், 'ரீஃபண்ட் கிடையாது, அடுத்த வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்கிறார்கள். பையன் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டான். (பழைய வண்ணாரப்பேட்டை)

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ரீஃபண்ட் கிடையாது என்பது நீங்கள் பின்வாங்கியிருந்தால் பேச வேண்டிய பேச்சு. கைவிட்டது அவர்கள். வாங்கிய காசுக்குச் சேவை தரவில்லை என்றால் காசைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த வருஷம் போவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். இனிமேல் போனில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பதினைந்து நாள் கெடு வைத்து மெயிலிலும் பதிவுத் தபாலிலும் கேளுங்கள். அந்த 'பேட்ச் கேன்சல்' மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர்கள் ஆபீஸ் டேராடூனில் இருந்தாலும் பரவாயில்லை. 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ரயில் டிக்கெட் கேன்சல் செய்ததில் போன பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள்.

ரீல்ஸில் பார்த்து 'அட்வென்ச்சர் காம்போ' ஆர்டர் செய்தேன். டென்ட், பை, டார்ச், கத்தி எல்லாம் சேர்த்து 1,999 ரூபாய். ஜிபே செய்தேன். பில் இல்லை, கடை பெயர் ஞாபகமில்லை, இப்போது அந்தப் பக்கமே காணோம். என்ன செய்யலாம்? (வியாசர்பாடி)

1930-க்கு போன் செய்து சைபர் கிரைமில் புகார் பதியுங்கள். பெயரே தெரியாதவனுக்கு ஏன் பணம் அனுப்பினீர்கள் என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை.

அப்பா கட்டுமரத்தில் போனவர். அண்ணன் லாஞ்சில் போகிறார். என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள், பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். ஐந்து நாள் 'செய்லிங் எக்ஸ்பெடிஷன்', 45,000 ரூபாய் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். கடலுக்குப் போகக் காசு கொடுப்பதா என்று அப்பா சிரிக்கிறார். (காசிமேடு)

அப்பா சிரிக்கட்டும். ஆனால் அந்த 45,000-ஐ இப்போது எடுக்காதீர்கள். படகே ஏறாத பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் எக்ஸ்பெடிஷன் எதற்கு? அது கற்றுக்கொண்ட பிறகு போவது. உங்கள் வீட்டுக்குத் தெற்கே, துறைமுகத்துக்குள்ளேயே தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் இருக்கிறது. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் அங்கேதான். அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே இருக்கிற தண்ணீர், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்று ஒரு குட்டிப் படகு, ஏழடி சொச்சம் நீளம், ஒரே பாய், பதினைந்து வயது வரை ஓட்டலாம். உங்கள் பெண் வளர்த்தி என்றால் அடுத்த அளவுப் படகில் உட்கார வைப்பார்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன், டோக்கியோ போனவர், இதே சென்னையில் ஒரு கோடைப் பயிற்சியில்தான் தொடங்கினார். பள்ளியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தால் இன்னும் நல்லது, செலவு கிட்டத்தட்ட இல்லை.

முதலில் நீச்சல். மீனவர் வீட்டுப் பெண் என்பதால் நீச்சல் தெரியும் என்று நானாக நினைத்துக்கொள்ளவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். காற்றைப் பற்றித் தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். கொண்டல் எப்போது எழும்பும், வாடை எப்போது திரும்பும் என்று அவர் சொல்வதை எந்தப் பயிற்சியாளரும் ஐந்து நாளில் சொல்லித்தர மாட்டார்.

படகு முகாமுக்கு லைஃப் ஜாக்கெட் நாங்களே கொண்டுவர வேண்டுமாம். ஆன்லைனில் 450-க்கும் இருக்கிறது, 4,500-க்கும் இருக்கிறது. இரண்டும் ஆரஞ்சு கலர்தான். எதை வாங்குவது? (திருவொற்றியூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். உட்காருங்கள், கொஞ்சம் நீளும்.

என் தங்கை மகன் முதல்முறை படகு முகாமுக்குப் போனபோது, மாமா என்ற பெருமையில் நான்தான் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடை, 380 ரூபாய், பேரம் பேசி 300. நெஞ்சில் பளபளவென்று ஒரு நங்கூரம் படம். வீட்டுக்கு வந்ததும் என்னவோ உறுத்தியது. மொட்டை மாடி சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஜாக்கெட்டுக்குள் ஒரு செங்கல்லைக் கட்டிப் போட்டேன். மிதந்தது. 'பார்த்தியா, சும்மா பயந்தே' என்று தங்கை கீழே போனாள். நான் அங்கேயே நின்றேன். முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் கழுத்துப் பட்டையோரம் சின்னச் சின்னக் குமிழி. கால் மணி நேரத்தில் நங்கூரம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. எடுத்துத் தையலைப் பிரித்தால் உள்ளே மெத்தைக்கடை ஸ்பாஞ்ச், மஞ்சளும் ரோஜாவுமாய்த் துண்டு துண்டாக. பிழிந்தால் பக்கெட் நிறையத் தண்ணீர். நல்ல ஜாக்கெட்டில் இருப்பது மூடிய கண்ணறை ஃபோம், அது தண்ணீர் குடிக்காது. அந்த ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

இனி கலரைப் பார்க்காதீர்கள், உள்பக்க லேபிளைப் பாருங்கள். நியூட்டன் என்று ஒரு எண் இருக்கும், எவ்வளவு பலமாக மிதக்க வைக்கும் என்பதற்கான அளவு. 50 என்றால் நீச்சல் தெரிந்தவர், கரையோரம், கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அது மிதக்க உதவும், மயங்கிக் கிடக்கிறவரின் முகத்தை மேலே திருப்பாது. அமைதியான தண்ணீருக்கு 100, கரையை விட்டு விலகிப் போனால் 150. ஐஎஸ்ஓ 12402 என்ற தர எண், எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்ற விவரம், இறக்குமதிச் சரக்கு என்றால் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, எல்லாம் இருக்க வேண்டும். 'வளர்ற பையன், பெரிசா எடுப்போம்' என்பது ஸ்கூல் யூனிஃபார்முக்குச் சரி, இதற்கு ஆகாது. பட்டைகளை மாட்டிவிட்டு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் தண்ணீரில் பையன் கீழே, ஜாக்கெட் மேலே.

இன்னொன்று. லைஃப் ஜாக்கெட்டைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிற முகாம், வேறு எதைத்தான் வைத்திருக்கும்? 4,500 செலவழிக்கும் முன் அதைக் கேளுங்கள்.

பழவேற்காட்டில் ஒரு நாள் படகு முகாம், 1,200 ரூபாய்தான். அனுப்பலாமா? (எண்ணூர்)

வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனது எண்ணூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டம் அதிகம், ஜாக்கெட் இல்லை. அதற்குப் பிறகுதான் உல்லாசப் படகுக்குத் தடை வந்தது. தடை உள்ள இடத்தில் முகாம் நடத்துகிறவர் வேறு எந்த விதியை மதிப்பார்?

'மைனஸ் 10 டிகிரி' ஸ்லீப்பிங் பேக் 1,400-க்கு வாங்கினேன். 3 டிகிரியிலேயே பையன் இரவெல்லாம் நடுங்கினானாம். (பெரம்பூர்)

லேபிளில் மூன்று எண் இருந்திருக்கும். கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். எக்ஸ்ட்ரீம் என்பது சில மணி நேரம் செத்துப்போகாமல் இருப்பதற்கான கணக்கு, தூங்குவதற்கு இல்லை. கடைக்காரர் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார். கம்ஃபர்டைப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சோதனையும் பெரியவர் உடம்பை வைத்துச் செய்வதுதான், பிள்ளைகளுக்கு இல்லை. இன்னும் ஐந்தாறு டிகிரி தாராளமாக எடுங்கள். லேபிளே இல்லாமல் பையில் மட்டும் 'மைனஸ் 10' என்று அச்சடித்திருந்தால் அது பொய் விளம்பரம், பில்லோடு போய்ப் பணத்தைக் கேளுங்கள். பில் இருக்கிறதல்லவா?

'உயிருக்கோ உடலுக்கோ ஏதும் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற தாளில் என் பையனிடமே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வயது 16. செல்லுமா? (கொடுங்கையூர்)

அவன் கையெழுத்துக்குக் காகித விலைகூடக் கிடையாது. 18 ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே, அப்போது நமக்கு உச்ச நீதிமன்றம் மாதிரி இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் முடித்துவைத்த விஷயம். நீங்களே போட்டிருந்தாலும், அவர்கள் அலட்சியத்தை அந்த ஒரு வரி கழுவிவிடாது. ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

பதினாறு வயது மகள், பதினொரு நாள் மலைப் பயணம். பிரோஷரை இணைத்திருக்கிறேன். நல்ல கம்பெனியா என்று சொல்லுங்கள் அண்ணா. (தண்டையார்பேட்டை)

பார்த்தேன் அம்மா. பனிமலைப் படம் பதினான்கு. கூடப் போகிறவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நல்ல கம்பெனியா என்று இதை வைத்து நான் எப்படிச் சொல்ல?

யார் கூட்டிப்போகிறார்கள், எங்கே பயிற்சி பெற்றவர்கள் என்று கேளுங்கள். உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனம் போன்ற இடத்துச் சான்றிதழ் என்றால் நகலைக் காட்டச் சொல்லுங்கள். பெண் பயிற்சியாளர் 'வருவார்' என்றால் போதாது. ராத்திரி எந்தக் கூடாரத்தில் யார் படுப்பார்கள் என்பது வரை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்தின் உயரத்தைப் பட்டியலாக வாங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. இரண்டு நாள் பயணத்தை ஒரே நாளில் அடைத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சம் அவர்களுக்கு, தலைவலியும் வாந்தியும் உங்கள் பெண்ணுக்கு. முடியாமல் போனால் யார் கீழே இறக்குவார்கள்? இன்சூரன்ஸ் எத்தனை மீட்டர் வரை செல்லும்? ரசீதில் உள்ள ஜிஎஸ்டி எண்ணைப் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33-ல் தொடங்கும், உத்தராகண்ட் என்றால் 05.

இதற்கெல்லாம் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். முதல் பயணம் இமயமலையாக இருக்க வேண்டும் என்று சட்டமா? 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பிறகு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது, ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. பூண்டிப் பக்கம் குடியம் குகைப் பாதைக்கு அம்மாவும் மகளுமாகப் போய்விட்டு வாருங்கள். பிறகு பனிமலையைப் பேசலாம்.

42 கிலோ பையனுக்கு 70 லிட்டர் பை போதுமா? (மணலி)

பையனே உள்ளே போய்விடுவான். முதுகுச் சுமை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. 45 லிட்டர், இடுப்புப் பட்டை உள்ளதாக. இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிரெக்கிங் ஷூ, ஏழு வருஷம் டப்பாவிலேயே இருந்தது, புத்தம் புதுசு. தம்பி மகனுக்குக் கொடுக்கலாமா? (ராயபுரம்)

கொடுக்காதீர்கள். அடிப்பாகத்தில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஃபோம் இருந்தால், போடாமல் வைத்திருந்தாலும் நம் ஊர் ஈரக்காற்றில் அது உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்போ பொடியோ தெரியும். நானும் இப்படித்தான் ஒரு ஜோடியைப் 'பத்திரமாக' வைத்திருந்து ஏலகிரிக்குப் போட்டுக்கொண்டு போனேன். பாதி ஏற்றத்தில் இடது அடி ரொட்டித் துண்டு மாதிரிக் கழன்று விழுந்தது, பத்து நிமிஷத்தில் வலது. துண்டைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினேன். எதிரே ரப்பர் செருப்போடு தேன்கூடை சுமந்து ஏறிவந்த பெரியவர் என் காலைப் பார்த்தார், ஷூவைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வழி விட்டார்.