செக்‌ஷனா, ஸ்க்வாடா? ஒரு பழைய சுபேதாரிடம் கேட்டவை

காலாட்படையில் 24 வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது காரைக்குடியில், ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்களை விடியற்காலையில் ஓடவிடுகிறேன். ஓட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஆளாளுக்கு ஏதாவது கேட்பார்கள். பாதிக் கேள்வி ராணுவத்து ஆங்கிலச் சொற்களைப் பற்றியே இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் சிலர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்: அமெரிக்கப் போர்க்கதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஸ்க்வாட், பிளட்டூன், கம்பெனி மூன்றுக்கும் ‘படைப்பிரிவு’ என்றே போட்டேன். பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அவ்வளவு பெரிய தப்பா?

பெரிய தப்புதான் சார். ஒன்பது பேர் போன வேலைக்கு நூறு பேரை அனுப்பிவிட்டீர்களே. அமெரிக்கத் தரைப்படையில் ஸ்க்வாட் என்பது ஒன்பது பேர்: ஒரு தலைவர், அவருக்குக் கீழே நாலு நாலு பேராக இரண்டு ஃபயர் டீம். அவர்களுடைய மரீன் படையில் அதே ஸ்க்வாட் நெடுங்காலம் 13 பேராக இருந்தது. பிரிட்டிஷ்காரர் அந்த அளவுக் குழுவை செக்‌ஷன் என்பார்கள், அதில் எட்டுப் பேர். நாமும் செக்‌ஷன் என்றுதான் சொல்கிறோம், ஆனால் நம்மிடம் பத்துப் பேர். ஸ்க்வாட் என்ற சொல் நம் முகாமில் காதில் விழுந்தால், அது பரேடு மைதானத்தில் கவாத்து பழகும் புதுப் பையன்களைக் கூப்பிடுவதாக இருக்கும்.

மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் நம்மிடம் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூனுக்கு ஒரு கம்பெனி. கம்பெனி என்றதும் நம்மூர்க்காரருக்குப் பர்மாவில் நடத்திய வட்டிக்கடைதான் ஞாபகம் வரும். இங்கே அது நூறு பேருக்கு மேல் உள்ள கூட்டம், மேஜர் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்கும். நாலு ரைஃபிள் கம்பெனியும் துணைக் கம்பெனிகளும் சேர்ந்தது பட்டாலியன். அதற்குத் தலைவர் கர்னல்.

என்னைக் கேட்டால் ஸ்க்வாடை ஸ்க்வாட் என்றே விடுங்கள். முதல் தடவை வரும் இடத்தில் ‘ஒன்பது பேர் கொண்ட’ என்று சேர்த்தால் போதும். கதை அமெரிக்காவில் நடக்கிறது என்பதால், அதை செக்‌ஷன் என்று மாற்றவும் வேண்டாம். அவர்களிடமும் செக்‌ஷன் உண்டு, மோர்ட்டார் என்கிற சிறு பீரங்கிப் பிரிவில். குழப்பம் இன்னும் கூடும்.

தேவகோட்டை என்.சி.சி. மாணவி: ஐயா, நான் கார்ப்பரல். என்னை செக்‌ஷன் கமாண்டராகப் போட்டிருக்கிறார்கள். இனிமேல் நான் எந்த ரேங்க்?

ஆத்தா, நீ இன்னும் கார்ப்பரல்தான். ரேங்க் என்பது கையில் தைத்திருக்கும் பட்டை. செக்‌ஷன் கமாண்டர் என்பது உன்னிடம் கொடுத்த பொறுப்பு. ஆங்கிலத்தில் அதை அப்பாயின்ட்மென்ட் என்பார்கள். பொறுப்பு நாளைக்கே மாறலாம், பட்டை அப்படியே இருக்கும். எழுதும்போது ரேங்க் பெயருக்கு முன்னால், பொறுப்பு பெயருக்குப் பின்னால்.

படையில் லான்ஸ் நாயக்குக்கு ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. உங்கள் என்.சி.சி.யில் இவையே லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜன்ட். நம் படையில் செக்‌ஷனைப் பெரும்பாலும் ஹவில்தார் நடத்துவார், பிரிட்டனில் அதே வேலையை கார்ப்பரல் பார்ப்பார். அமெரிக்க ஸ்க்வாடுக்கு ஸ்டாஃப் சார்ஜன்ட். ஒரே வேலைக்கு மூன்று ஊரில் மூன்று ரேங்க். அதனால்தான் பட்டையைப் பார்த்து வேலையை முடிவுகட்டக் கூடாது என்கிறேன்.

ஓட வருகிற பையன் ஒருவன்: கேம்ல ரைஃபிள்மேன், கிரனேடியர், மார்க்ஸ்மேன், ஸ்னைப்பர்னு வருது மாஸ்டர். நம்ம ஆர்மியிலயும் அப்படித்தானா?

கேமை நம்பி இன்டர்வியூவில் பேசிவிடாதே தம்பி. அமெரிக்க ஃபயர் டீமில் கிரனேடியர் என்றால் கிரனேடு லாஞ்சர், அதாவது குண்டை எய்யும் துப்பாக்கி வைத்திருப்பவர். நம்மிடம் கிரனேடியர்ஸ் என்பது ஒரு ரெஜிமென்ட், அதில் சிப்பாய்க்குப் பதில் வழங்கும் ரேங்கே கிரனேடியர். 1999 கார்கில் சண்டையில் பரம்வீர் சக்கரம் என்ற உச்ச வீர விருதை வாங்கிய யோகேந்திர சிங் யாதவை கிரனேடியர் என்று எழுதுவது இதனால்தான். அதே சண்டையில் அதே விருது வாங்கிய சஞ்சய் குமார் ரைஃபிள்மேன், ஏனென்றால் அவர் ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ்காரர்.

மார்க்ஸ்மேன் குழுவோடு நடந்துகொண்டே கொஞ்சம் தூரம் கூடுதலாகக் குறிவைப்பவர். ஸ்னைப்பர் தனி ஜாதி. இலக்கைப் பார்த்துச் சொல்ல கூட ஒரு ஸ்பாட்டரை வைத்துக்கொண்டு ஒதுங்கிப் பதுங்கி இருப்பார்.

செக்‌ஷனுக்குள் வேலை எப்படிப் பிரியும் என்றால், நம்ம ஊர்க் கல்யாணச் சமையல் மாதிரி. காய் நறுக்க எல்லாருக்கும் தெரியும், ஆனால் பணியாரச் சட்டிக்கு முன்னால் ஒருவர்தான் உட்காருவார். இங்கே அந்தச் சட்டி எல்.எம்.ஜி. என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கி. சுடுகிறவர் நம்பர் ஒன். பக்கத்தில் படுத்திருப்பவர் நம்பர் டூ. நான் ரங்ரூட்டாக, அதாவது பயிற்சியில் இருக்கும் புது ஆளாக இருந்தபோது நம்பர் டூ. தோட்டா அடைத்த மேகசினை உருவி அடுத்ததை மாட்ட வேண்டும், இலக்கைச் சொல்ல வேண்டும், பேரல் என்கிற குழல் சூடேறினால் பிடியைத் திருப்பிக் கழற்றி மாற்றுப் பேரலைப் பூட்ட வேண்டும். முதல் நாள் அவசரத்தில் பிடியை விட்டு இரும்பைத் தொட்டேன். பயிற்சி தரும் உஸ்தாத் ஒன்றும் திட்டவில்லை. கையைப் பார்த்துவிட்டு, “இனிமே மறக்காது” என்றார். மறக்கவில்லை.

அப்புறம், இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து விடுவதை பட்டி (buddy) என்பார்கள். அது கூட்டாளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், நம் ஊர்ப் பெயர்களில் வருகிற பட்டி இல்லை.

புதுவயல் அப்பத்தா ஒருவர்: தம்பி, பேரன் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் ஆயிட்டானாம். வீடு வாசலப் பாத்துக்கிற வேலையா? சண்டைக்கு லாயக்கில்லைன்னு ஒதுக்கிட்டாங்களா?

அட, இல்லை அப்பத்தா. நூத்துச் சொச்சம் பேருக்கு ரேஷன், துணிமணி, தோட்டா எல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற பொறுப்பு அது. நம்பிக்கையான ஆளிடம்தான் சாவியைக் கொடுப்பார்கள். ரேங்க் ஹவில்தார், பொறுப்பின் பெயரும் சேர்ந்து நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். 1965-ல் கேம்கரண் பக்கம் ஜீப்பில் பீரங்கியை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பேட்டன் டாங்குகளை உடைத்து, அங்கேயே உயிரை விட்டு, பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீது இருந்ததும் இதே பொறுப்பில்தான். பேரனிடம் இதைச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கோட்டையூர்ப் பட்டதாரி: லெப்டினன்ட்டா, லூட்டினன்ட்டா?

இந்தியாவில் லெப்டினன்ட். பிரிட்டிஷ் உச்சரிப்பு அது, தமிழ்ப் பத்திரிகைகளும் காதில் விழுந்தபடியே எழுதிவிட்டன. லூட்டினன்ட் அமெரிக்கருடையது. பெரிய படைப்பிரிவைக் குறிக்கும் corps என்ற சொல்லை, எழுத்தைப் பார்த்து ‘கார்ப்ஸ்’ என்று மட்டும் வாசித்துவிடாதீர்கள், கோர் என்று சொல்ல வேண்டும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்: அண்ணே, ஒரு பித்தளை பேட்ஜ் வந்திருக்கு. ‘மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’னு போட்டிருக்கு. யார் இந்த மைனர்?

கழுத்தில் செயின் போட்ட மைனர் இல்லைப்பா. சுரங்கம் தோண்டுகிறவர். சாப்பர் என்றால் எதிரியின் கோட்டையை நோக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டே முன்னேறுகிறவர். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் படை இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் இருக்கிறது. அங்கே சிப்பாய்க்கு இப்போதும் சாப்பர் என்றே ரேங்க். செல்லப்பெயர் ‘தம்பி’.

பேட்ஜுக்கு என்ன விலை சொல்லலாம் என்றும் கேட்டிருந்தாய். அதற்கு உன் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள்.