தொட்டி சிறியதானால் மீனும் சிறியதாகவே இருந்துவிடுமா?

கேள்வி: நான்கடி நீளத் தொட்டியில் மூன்று அங்குல ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒன்றும், ஆறு அங்குல சில்வர் அரோவானா ஒன்றும் வளர்க்கிறேன். தொட்டிக்குத் தகுந்த அளவில்தான் மீன் வளரும், பயப்படாதீர்கள் என்று விற்றவர் சொன்னார். இரண்டையும் முழு அளவுக்கு வளர்க்க ஆசை. உணவுக்குத் தினமும் குட்டி கோல்டு ஃபிஷ் போடுகிறேன். சரிதானே?

பதில்: விற்றவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். சிறிய தொட்டியில் மீன் வளராமல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கழிவு சேர்ந்த தண்ணீரும் நீந்த இடமில்லாத நிலையும் அதன் உடலைக் கெடுப்பதால் வருவது அது. முதுகு வளைந்து, நோய்க்கு எளிதில் ஆளாகி, ஆயுளும் குறையும். அதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கேட்ஃபிஷ் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. நன்றாகத் தின்றால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இரண்டடியைத் தொடும். முழு வளர்ச்சியில் நான்கடி, அதாவது உங்கள் தொட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு! திரும்பக்கூட இடமிருக்காது. வீட்டுக்குள் வைக்கும் எந்தக் கண்ணாடித் தொட்டியையும் இந்த மீனுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வெப்பம் குறையாத பெரிய குளம் இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அவசரமும் இருக்கிறது. அதன் வாய் மிகப் பெரியது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் ஒரே இரவில் அரோவானாவை விழுங்கிவிடும். இந்த வாரமே இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

குளம் வைத்திருக்கும் அனுபவசாலி யாராவது இருந்தால் கேட்ஃபிஷை இப்போதே கொடுங்கள். பெரிதான பிறகு வாங்க ஆள் கிடைப்பது கடினம், பொதுக் காட்சியகங்கள்கூடப் பெரும்பாலும் மறுத்துவிடும். ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள மீன்களை அது தின்று தீர்க்கும்.

அரோவானாவை முழு அளவுக்கு வளர்க்கலாம், நான் வளர்த்திருக்கிறேன். அது மூன்றடி வரை வளரும். உடலை வளைத்துத் திரும்பும் மீன் என்பதால் நீளத்தைவிட அகலத்தைத்தான் முதலில் பார்ப்பேன். எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வையுங்கள். சுமார் 1,700 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 1.7 டன் என்பதால், தரை தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இரை தின்னும் மீன் கழிவும் அதிகம் போடும். அந்தக் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே மீனை விடுவதற்கு முன்பே தொட்டியில் ஃபில்டரை ஓடவிடுங்கள். நைட்ரேட்டைக் குறைக்க, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

கோல்டு ஃபிஷ் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதையே தின்னும் மீனுக்கு நாளடைவில் நரம்புக் கோளாறு வரும். நோயும் ஒட்டுண்ணியும் உள்ளே வருவதும் அந்த வழியாகத்தான். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுவிட்டு, இடுக்கியால் மீன் சதைத் துண்டைத் தண்ணீரின் மேற்பரப்பில் ஆட்டிக் காட்டுங்கள். அதைப் பிடிக்கப் பழகியதும் மிதக்கும் பெல்லட்டுக்கு (உருண்டைத் தீனிக்கு) மாற்றுங்கள். சில மீன்கள் அடம் பிடிக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் மூன்று முறை கொடுத்தால் போதும்.

கேள்வி: அரோவானா தொட்டிக்கு மூடி கட்டாயமா?

பதில்: கட்டாயம். வெள்ளம் புகுந்த காடுகளில், நீருக்கு மேல் தொங்கும் கிளையிலுள்ள பூச்சியை எம்பிப் பிடிக்கும் மீன் இது. லேசான மூடியைத் தள்ளிவிட்டு வெளியே விழுந்துவிடும். கனமான மூடியாகப் போட்டு, கிளிப்பும் மாட்டுங்கள். இரவில் அறை விளக்கைச் சட்டென்று போட்டாலும் மிரண்டு குதிக்கும். அதனால் ஓரத்தில் ஒரு சிறு விளக்கை முதலில் எரியவிட்டு, சற்று நேரம் கழித்துப் பெரிய விளக்கைப் போடுங்கள்.