விபத்துக் காட்சி கேமராவில் பதிவாகியிருந்தால் இழப்பீடு கேட்க அது மட்டும் போதுமா?

சாலையைக் கடந்த உங்கள் அண்ணன் மேல் கார் மோதிக் கால் முறிந்திருக்கிறது. எதிர்க் கட்டடத்துக் கேமராவில் அது பதிவாகி, அங்கே வேலை பார்ப்பவர் திரையில் ஓடவிட்டு மொபைலில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "இதுவே போதும்தானே, அண்ணன் வீடு திரும்பியதும் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது, தள்ளிப்போடவும் வேண்டாம். காயமடைந்தவர்களுக்காகக் கேமரா பதிவுகளை எடுத்து வழக்கறிஞர்களிடம் ஒப்படைப்பது என் வேலை. சட்ட விஷயத்தில் உங்கள் வழக்கறிஞர் சொல்வதுதான் முடிவு. பதிவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறத் தொடங்கும். யாரும் வேண்டுமென்று அழிக்க வேண்டியதில்லை, அது தானாகவே போய்விடும். சில இடங்களில் ஒரு வாரம் தங்கும், சில இடங்களில் ஒரு மாதம். கேமராக்களின் எண்ணிக்கையையும் டிஸ்க்கின் அளவையும் பொறுத்தது. வண்டிக்குள் முன்கண்ணாடிப் பக்கம் பொருத்தும் டாஷ்கேம் கேமராவில் இன்னும் சீக்கிரம் போய்விடும். சில நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, மெமரி கார்டு நிறைய நிறையப் பழையதன் மேல் எழுதிக்கொண்டே போகும். மோதலின் அதிர்வை உணர்ந்து அந்தத் துண்டை மட்டும் பூட்டிவைக்கும் வசதி பலவற்றில் உண்டு. ஆனால் பின்னால் வந்த வண்டியின் கேமரா எந்த அதிர்வையும் உணர்ந்திருக்காதே! அடிபட்டவர் படுக்கையில் இருக்கும் அந்த நாட்களில்தான் அவருக்கான ஆதாரம் கரைந்துபோகிறது. எனக்கு எப்போதும் ஆற்றாமை தருவது இதுதான். அதனால் குடும்பத்தில் யாராவது ஒருவர் உடனே கிளம்ப வேண்டும்.

முதல் வேலை, பதிவை அழியாமல் வைத்திருக்கச் சொல்லி எழுத்தில் ஒரு கடிதம். தேதி, நேரம், எந்தப் பக்கம் பார்க்கும் கேமரா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று தெளிவாக இருக்க வேண்டும். வழக்கறிஞர் நோட்டீஸாகவே போனால் இன்னும் நல்லது. பதிவு எதிர்த்தரப்பின் கையில் இருந்து, இப்படிக் கேட்ட பிறகும் அது காணாமல் போனால், அதை அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப் பல நாடுகளில் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தன் உருவம் உள்ள பதிவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே தருகிறது. பதில் தரப் பொதுவாக ஒரு மாதம் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் டிஸ்க்கே சுற்றி வந்துவிடலாம் என்பதால், அங்கேயும் பாதுகாக்கச் சொல்லும் கடிதம்தான் முதலில் போக வேண்டும்.

அப்புறம், பதிவை எடுக்கும் முறை. ரெக்கார்டர் இருக்கும் அறைக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது அதன் கடிகாரத்தை. திரையில் 6.42 ஓடும்போது மொபைலில் 6.31 என்று இருக்கும், சில சமயம் தேதியே தப்பாக இருக்கும். திரையையும் மொபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே புகைப்படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸை அழைத்த நேரம் ஒன்று, காவல்துறைப் பதிவில் உள்ள நேரம் ஒன்று, வீடியோவில் உள்ள நேரம் வேறொன்று என்றால், "இது அந்த விபத்துதானா?" என்று குறுக்கு விசாரணையில் ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு புகைப்படம் இருந்தால் வித்தியாசம் பதினோரு நிமிடம் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

திரையை மொபைலில் படம்பிடித்தால் ஓரம் வெட்டுப்படும், திரை மினுங்கும், பக்கத்தில் நிற்பவர் "ஐயோ, பாருங்க பாருங்க" என்று சொல்வதும் சேர்ந்து பதிவாகும். அதை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது அது மறுபடி சுருங்கும். முதலில் மங்குவது வண்டி எண்ணும் சிக்னல் விளக்கின் நிறமும், அதாவது உங்களுக்கு எது முக்கியமோ அதுதான். ஆகவே ரெக்கார்டரிலிருந்து நேரடியாகப் பென்டிரைவில் ஏற்றுங்கள். சில கருவிகள் தங்களுக்கே உரிய வடிவத்தில்தான் சேமிக்கும். அந்தக் கோப்பையும், அதைத் திறக்கும் மென்பொருளையும், பார்ப்பதற்கு வசதியாக ஒரு எம்பி4 நகலையும் சேர்த்து வாங்குங்கள். மூலக் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிட்டுத் தரும் கைரேகை போன்ற எழுத்து-எண் வரிசையை, அங்கேயே எடுத்து எழுதிவைத்தால், பின்னால் யாரும் வெட்டி ஒட்டியதாகச் சொல்ல முடியாது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

எவ்வளவு நேரப் பதிவு வேண்டும்? எல்லாரும் மோதும் அந்தப் பத்து நொடியைத்தான் கேட்கிறார்கள். நான் முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி, அந்த இடத்தைப் பார்க்கும் எல்லாக் கேமராக்களிலிருந்தும் கேட்பேன். முன்னால் உள்ளதில் சிக்னல் எத்தனை நொடிக்கு ஒருமுறை மாறுகிறது என்பது தெரியும், மற்ற வண்டிகள் எந்த வேகத்தில் போயின என்பது தெரியும். பின்னால் உள்ளதில் யார் ஓடிவந்து தூக்கினார்கள், அதாவது சாட்சிகள் யார் என்பது கிடைக்கும். வழுக்கி விழுந்த வழக்குகளில் இது இன்னும் முக்கியம். ஒருவர் ஈரத் தரையில் விழும் காட்சி, அவர் விழுந்தார் என்பதை மட்டுமே சொல்லும். தண்ணீர் எப்போது சிந்தியது, ஊழியர்கள் அதைப் பார்த்தும் துடைக்காமல் கடந்து போனார்களா என்பதெல்லாம் அதற்கு முந்தைய நேரத்தில் இருக்கும். கட்டடப் பொறுப்பாளரின் கவனக்குறைவை நிரூபிப்பது அந்தப் பகுதிதான்.

பதிவு கையில் வந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும். எந்தக் கருவி, அது ஒழுங்காக ஓடியதா, யார் நகல் எடுத்தார்கள் என்று ஏதாவது ஒரு வடிவத்தில் எல்லா நீதிமன்றங்களும் கேட்கும். இந்தியாவில் நகலைத் தாக்கல் செய்ய இந்த விவரங்களைச் சொல்லும் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள், ஹேஷ் மதிப்பைக் குறிக்க இடமும் உண்டு. கேமராவைப் பராமரிப்பவரிடம் இப்போதே மரியாதையாகப் பேசி, கையெழுத்திடச் சம்மதமா என்று கேட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்து அவர் அங்கே வேலையில் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

வீடியோ இருந்தால் வாதத்துக்கே இடமில்லை என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் ஸ்காட் எதிர் ஹாரிஸ் என்றொரு வழக்கு. துரத்திவந்த போலீஸ் தன் காரை இடித்ததால் கை கால் செயலிழந்தவர் தொடுத்தது. 2007இல் எட்டு நீதிபதிகள் போலீஸ் காரின் வீடியோவைப் பார்த்து, அதுவே எல்லாவற்றையும் சொல்கிறது என்று அவருக்கு எதிராக முடிவெடுத்தார்கள். ஒரு நீதிபதி அதே வீடியோவைப் பார்த்து மறுத்து எழுதினார். பிறகு ஆய்வாளர்கள் சுமார் 1,350 அமெரிக்கர்களிடம் அதைப் போட்டுக்காட்டினார்கள். பெரும்பாலோர் நீதிமன்றத்தோடு ஒத்துப்போனார்கள், ஆனால் பார்ப்பவரின் பின்னணியைப் பொறுத்துக் கருத்து கணிசமாக மாறியது. மெதுவாக ஓடவிட்டால் ஒரு செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டது போல அதிகமாகத் தோன்றும் என்று 2016இல் வந்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஆகவே எதிர்த்தரப்பு மெதுவாக ஓட்டிக் காட்டினால், இயல்பான வேகத்திலும் ஓட்டிக் காட்டச் சொல்லி உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும்.

வலி வீடியோவில் பதிவாகாது. விபத்து யாரால் நடந்தது என்பதற்குத்தான் அது உதவும். கால் எவ்வளவு கெட்டது, எத்தனை மாதம் வேலை போனது என்பதற்கெல்லாம் மருத்துவ ஆவணங்களும் சம்பள விவரமும்தான். உடற்பயிற்சிச் சிகிச்சையில் அண்ணன் முதல் அடி வைப்பதைத் தேதியோடு இயல்பாகப் படம்பிடித்து வைப்பதில் தவறில்லை. நடிக்கவைத்து எடுக்க மட்டும் வேண்டாம்.

ஏனென்றால் கேமரா மறுபக்கமும் இருக்கிறது. பெரிய தொகை கேட்கும் வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்கள் ஆள் வைத்துப் படம் எடுப்பது உண்டு. இங்கிலாந்தில் ஒரு வழக்கில் சந்தை ஆய்வு செய்பவர் போல நடித்து வீட்டுக்குள்ளேயே போய் ரகசியமாக எடுத்தார்கள். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் செயலைக் கண்டித்து, வழக்குச் செலவைப் படம் எடுத்த தரப்பின் மேல் சுமத்தித் தண்டித்தது, ஆனாலும் வீடியோவை ஏற்றுக்கொண்டது. அங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அடிப்படையில் நேர்மையற்ற கோரிக்கை என்று தெரிந்தால் உண்மையான காயத்துக்கான பகுதியும் சேர்ந்தே தள்ளுபடியாகலாம். நல்ல நாளில் அண்ணனால் மாடி ஏற முடிகிறது என்றால், மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லட்டும். "நல்ல நாளில் ஏறுவேன், மறுநாள் வீங்கிவிடும்" என்று குறிப்பில் இருந்தால், அவர் படியேறும் வீடியோவால் ஒரு பாதிப்பும் வராது. வழக்கு முடியும்வரை விபத்து வீடியோவையும் குடும்ப விழாப் படங்களையும் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள்.

கடைசியாக, முழுப் பதிவையும் பார்த்தபின் அண்ணனே சிக்னலைக் கவனிக்காமல் இறங்கியது போலத் தெரிந்தால், அந்தப் பகுதியை வெட்டாமல் அப்படியே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பல நாடுகளில் அடிபட்டவர் மேல் கொஞ்சம் தவறு இருந்தாலும் அந்த அளவுக்கு இழப்பீடு குறையுமே தவிர வழக்கு விழுந்துவிடாது. வெட்டியது தெரிந்தால், மீதி இருக்கும் நல்ல காட்சியையும் நீதிபதி நம்ப மாட்டார்.