“உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?”: பழங்குடி இளைஞர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (கூடலூர், கல்லூரி மாணவி): வகுப்பில் பழங்குடி என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள் அண்ணா. நான் பணியர். தோடர் சடங்கைக்கூட என்னிடம்தான் கேட்கிறார்கள்.

பதில்: தமிழ்நாட்டுப் பட்டியலில் 37 பழங்குடிகள் உண்டு, தங்கச்சி. “அது தோடர் வழக்கம், எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிடு, போதும். பணியர் பற்றிக் கேட்டாலும் “எங்க பாடியில் (குடியிருப்பில்) இப்படி” என்று ஆரம்பி. “பணியர்கள் எல்லாரும்” என்று வாய்விட்டால் அடுத்த பாடிக்காரர் அதற்கும் உன்னைத்தான் கேட்பார்.

கேள்வி (சென்னை, செய்தியாளர்): பாம்பு பிடிப்பது பற்றிப் பேச நீலகிரி இருளர் ஒருவர் கிடைப்பாரா?

பதில்: ஆளை மாற்றிப் பிடிக்கிறீர்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே போங்கள்.

கேள்வி (கோத்தகிரி): அதிகாரிகள் கூட்டத்துக்கு என்னை ‘ஊர்ப் பிரதிநிதி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். வருகைப் பதிவு என்று ஒரு தாளை நீட்டுவார்கள். மேல்பாதி வெறுமையாக இருக்கும். பிறகு அங்கே ‘ஊர் சம்மதித்தது’ என்று ஏறிவிடலாம். வெற்றிடத்தில் குறுக்குக்கோடு இழுத்துவிட்டு, தேதியோடு “கூட்டத்துக்கு வந்தேன், இது ஊரின் ஒப்புதல் அல்ல” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2006 வன உரிமைச் சட்டத்தின் கீழான விஷயம் என்றால் முடிவு கிராம சபையுடையது. விதிப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். ஒரு பட்டதாரிப் பையனின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. “ஊரில் பேசிவிட்டுச் சொல்கிறேன், கடிதமாகக் கொடுங்கள்” என்றால் யாரும் கோபிக்க முடியாது.

கேள்வி (ஆய்வு மாணவர்): மூலிகை விவரம் சொல்ல ஒரு பெரியவர் சம்மதித்தார். அது போதாதா?

பதில்: கேரளத்தின் அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணி பழங்குடியினரின் கதையைப் பாருங்கள். 1987இல் வழிகாட்டியாகப் போன சில காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீத ராயல்டி; இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்தப் பங்கைப் பெறக் காணிகளின் அறக்கட்டளை பதிவானதோ 1997இல், சரக்கு கைமாறி வெகுநாள் கழித்து. வேறு பகுதிக் காணிகளும் அவர்களுடைய வைத்தியர்களும் “எங்களைக் கேட்டது யார்?” என்றார்கள். மூலிகையைக் காட்டியவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. அவர்களைக் காணிகள் அனைவராகவும் எடுத்துக்கொண்டதுதான் பிழை. ஆகவே பெரியவரிடம் முதலில் கேளுங்கள்: “இது உங்கள் குடும்பத்து அறிவா, ஊருக்குப் பொதுவா?” பொது என்றால் ஊர்கூடிப் பேசும்வரை பதிவுக்கருவியை எடுக்காதீர்கள்.

கேள்வி (கோவை, நிகழ்ச்சி அமைப்பாளர்): மேடைக்கு ஒருவரைத்தான் அழைக்க முடியும்.

பதில்: அப்படியானால் அழைப்பிதழில் அவர் பெயர், ஊர், தொழில் போடுங்கள், ‘பழங்குடியினர் சார்பில்’ என்பதை எடுத்துவிடுங்கள். கேள்விகளை முன்னாடியே அனுப்புங்கள். பஸ் கட்டணமும் பேச்சாளர் தொகையும் மற்றவர்களுக்குக் கொடுப்பதே இவருக்கும். ஆடச் சொல்லாதீர்கள்.