காது ஜவ்வில் ஓட்டை: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 44. ஈரோடு பக்கம் மாவு மில் நடத்துகிறோம். சிறு வயதிலிருந்தே சளி பிடித்தால் வலது காதில் சீழ் வடியும், பிறகு நின்றுவிடும். இப்போது அந்தப் பக்கம் பேசினால் சரியாகக் கேட்பதில்லை. ஜவ்வில் ஓட்டை என்று ஒரு டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்கிறார். இன்னொருவர், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார். மாமியாரோ பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றச் சொல்கிறார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: முதலில் எண்ணெய். மற்ற விஷயங்களில் மாமியார் பேச்சைக் கேட்பதும் கேட்காததும் உங்கள் வீட்டு விவகாரம். இதில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டையுள்ள காதில் ஊற்றியது நேரே நடுக்காதுக்குள் இறங்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்துதான். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை உட்காதைக் கெடுக்கக்கூடும். சீழ் வடியும்போது இத்தகைய காதுக்கு ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டுகளையே பெரும்பாலும் எழுதுகிறோம்.

இரண்டு டாக்டர்களும் சண்டை போடுவதாக நினைக்காதீர்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று இருவரிடமும் கேட்டீர்களா? நடுவில், சுற்றிலும் ஜவ்வு மிச்சமிருக்கும்படி இருந்தால் அவசரமில்லை. மேல்பகுதியிலோ, ஓரத்தில் எலும்பை ஒட்டியோ இருந்தால் தோல் உள்ளே புகுந்து, செதில் செதிலாகச் சேர்ந்து, எலும்பை அரிக்க ஆரம்பிக்கலாம். கொலஸ்டியடோமா என்போம். சீழ் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் நாற்றம் தாங்காது. விட்டால் முக நரம்பு வரை, மூளை உறை வரை போகும். அதற்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம்.

சளி பிடித்தால் வடிந்து, தானே நிற்கிறது என்கிறீர்கள். நடு ஓட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கடிதத்தை வைத்துக் காதுக்குள் பார்க்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும் எடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வருடக்கணக்காக மில் சத்தத்தில் நிற்கிறீர்கள். கேளாமையில் ஜவ்வின் பங்கு எவ்வளவு, சத்தம் கெடுத்த உட்காதின் பங்கு எவ்வளவு என்று ஆடியோகிராம்தான் பிரித்துக் காட்டும். ஜவ்வை ஒட்டினால் முதல் பங்குதான் திரும்பும். இரண்டாவதற்கு நாளையிலிருந்தே மில்லில் காதுக்கவசம் மாட்டுங்கள். சீழ் வருகிற காதுக்குள் அடைப்பான் எதையும் திணிக்க வேண்டாம்.

நடு ஓட்டைதான் என்று தெரிந்தால் என் ஆலோசனை: ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு. ஹியரிங் எய்ட் ஒரு வழிதான், ஆனால் அடிக்கடி சீழ் வரும் காதை அடைத்து வைத்தால் ஈரம் தங்கித் தொல்லை கூடும். ஆபரேஷனில் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஜவ்வுக்கு அடியில் வைப்பார்கள். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒட்டிவிடுகிறது. சிலருக்கு நாக்கின் அந்தப் பக்கம் சில மாதங்கள் ருசி மாறியிருக்கும். பிறகு சில வாரங்கள் மூக்கை அழுத்திச் சீந்தக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, மாவு மூட்டை தூக்கக்கூடாது. பந்தல் வேலைக்கு நடுவில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

அதுவரை குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வையுங்கள். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பணம் யோசனையாக இருந்தால் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்; முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கைப்பந்து காதில் பட்டு மகனுக்கு ஜவ்வு கிழிந்துவிட்டது. டாக்டர் மருந்தே தராமல் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார். சரியா?
- ஒரு தந்தை

பதில்: சரிதான். அடிபட்டுக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். சொட்டு மருந்து தேவையில்லை, தண்ணீர் புகாமல் இருந்தால் போதும். தலைசுற்றல், முகம் கோணுதல், காது அறவே கேளாமை, இவற்றில் எது வந்தாலும் மூன்று மாதக் கணக்கைப் பார்க்காமல் அன்றே அழைத்துப் போங்கள். நீச்சல் குளத்துப் பக்கம் இப்போதைக்கு விடாதீர்கள்.